டயாலிசிஸ் நோயாளிக்கு ஹெபடைடிஸ் சி வைரல் லோட் குறைந்தால் என்ன அர்த்தம்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 58 வயது. இரண்டு ஆண்டுகளாக வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஆரம்பத்தில் எடுத்த ஹெபடைடிஸ் சி பரிசோதனை நெகட்டிவ், இந்த ஆண்டு ஜனவரியில் எடுத்தது பாசிட்டிவ். மார்ச் மாதம் பார்த்த வைரல் லோட், அதாவது ரத்தத்தில் இருக்கும் வைரஸின் அளவு, ஒரு மில்லிக்கு 8,60,000 யூனிட், ஜூனில் 2,40,000. கல்லீரல் நொதியான எஸ்ஜிபிடி 22, அதாவது நார்மல். மார்ச்சில் டயாலிசிஸ் தொடங்கும் முன்பே ரத்தம் எடுத்துவிட்டார்கள், ஜூனில் டயாலிசிஸ் முடிந்து ஊசியைக் கழற்றும் நேரத்தில் அந்தக் குழாயிலிருந்தே எடுத்து அனுப்பினார்கள் என்றும் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். மெஷின் வைரஸையும் சேர்த்து வடிகட்டுகிறதா, இன்னும் சில மாதம் பொறுத்தால் தானாகப் போய்விடுமா என்பது நீங்கள் கேட்டது. சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு ஹெபடைடிஸ் சி மாத்திரை ஆகாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், அதனால் எண் குறைவதைக் காரணமாக வைத்து மாத்திரையைத் தள்ளிப்போடலாமா என்பதுதான் உங்கள் மனதில் இருக்கும் கேள்வி என்று எனக்குப் படுகிறது.

நான் சிறுநீரக மருத்துவர். இதே போன்ற இரண்டு ரிப்போர்ட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு இதே நம்பிக்கையோடு வரும் குடும்பங்களை அடிக்கடி பார்க்கிறேன். அதனால் பதிலை முதலிலேயே சொல்கிறேன்: தள்ளிப்போட வேண்டாம். 8,60,000-ம் 2,40,000-ம் சொல்லும் செய்தி ஒன்றேதான். வைரஸ் உயிரோடு இருக்கிறது, பெருகிக்கொண்டிருக்கிறது. நடுவில் நடந்த குறைவை வைத்து அப்பாவின் கல்லீரலைப் பற்றியோ வரப்போகும் மாதங்களைப் பற்றியோ எதுவும் சொல்ல முடியாது. ஏன் என்பதை விளக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வடிகட்டும் விஷயத்தை எடுத்துக்கொள்வோம். ரத்தத்தை வடிகட்டும் டயலைசரில் இருக்கும் சவ்வின் துளைகள், துளை பெரிதாக இருக்கும் ஹை ஃப்ளக்ஸ் வகையில் கூட, சில நானோமீட்டர் அகலம்தான். யூரியா, கிரியாட்டினின், பொட்டாசியம் போன்ற சிறிய மூலக்கூறுகள் அதில் எளிதாகப் போகும். ஆல்புமின் என்ற புரதமே பெரும்பாலும் தங்கிவிடும். ஹெபடைடிஸ் சி வைரஸின் குறுக்களவு சுமார் 50 முதல் 60 நானோமீட்டர். சவ்வு கிழியாமல் இருக்கும்வரை அது அந்தத் துளை வழியாகப் போகாது. வெளியேறும் திரவத்தில் வைரஸின் மரபுப்பொருளைக் கண்டோம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, இல்லவே இல்லை என்று வேறு சில சொல்கின்றன. அந்த விவாதம் எப்படி முடிந்தாலும் உங்கள் அப்பாவுக்கு ஒன்றும் மாறாது. காரணம், இந்த வைரஸ் உற்பத்தியாகும் வேகம். 1998-ல் இதைக் கணக்கிட்டபோது, ஒரு நோயாளியின் உடலில் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி வைரஸ்கள் உருவாகின்றன என்றும், ரத்தத்தில் மிதக்கும் வைரஸில் பாதி மூன்று மணி நேரத்துக்குள் அழிந்து புதியவை அந்த இடத்துக்கு வருகின்றன என்றும் தெரிந்தது. தொட்டியில் இருக்கும் தண்ணீரை நான்கு மணி நேரம் வாளியால் இறைத்தாலும், மேலே குழாய் திறந்தே இருந்தால் என்ன ஆகும்? குழாய் கல்லீரலில் இருக்கிறது. அதை மூட மாத்திரை வேண்டும்.

ஆனால் டயாலிசிஸின்போது வைரல் லோட் உண்மையிலேயே குறைகிறது. உங்கள் கண்ணில் பட்டது வெறும் கற்பனை இல்லை. ஒரே நாளில் டயாலிசிஸுக்கு முன்னும் பின்னும் ரத்தம் எடுத்துப் பார்த்த பல ஆய்வுகளில் பின்னால் எடுத்த எண் குறைவாக இருந்தது. அப்பாவின் உடலிலிருந்து அன்று இரண்டு மூன்று லிட்டர் தண்ணீரை எடுத்திருப்பார்கள், ரத்தம் கொஞ்சம் கெட்டியாகியிருக்கும், அந்தக் கணக்குப்படி எண் ஏறித்தான் இருக்க வேண்டும். அதையும் மீறி இறங்குகிறது என்றால் ஏதோ நடக்கிறது என்றுதான் அர்த்தம். என்ன நடக்கிறது என்பதில்தான் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. வைரஸ் சவ்வின் மேல் ஒட்டிக்கொள்கிறது என்பது ஒரு விளக்கம். ரத்தம் செயற்கைச் சவ்வைத் தொடும்போது உடல் தானாகவே இன்டர்ஃபெரான் என்ற வைரஸ் எதிர்ப்புப் புரதத்தைச் சுரக்கிறது, அது வைரஸை அமுக்குகிறது என்பது இன்னொன்று. டயாலிசிஸின்போது கல்லீரல் செல்களைத் தூண்டும் ஒரு வளர்ச்சிக் காரணி ரத்தத்தில் கூடுகிறது, அதற்கும் பங்கு உண்டு என்பார்கள். மூன்றுக்கும் ஓரளவு ஆதாரம் இருக்கிறது, எதுவும் முழுதாக நிரூபிக்கப்படவில்லை. உறுதியாகத் தெரிந்தது இதுதான்: குறைந்த எண் அடுத்த டயாலிசிஸுக்குள், அதாவது இரண்டு நாளில், பழைய இடத்துக்கோ அதற்குப் பக்கத்திலோ திரும்பி வந்துவிடுகிறது.

இதோடு இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கலாம். டயாலிசிஸின்போது ரத்தம் உறையாமல் இருக்க ஹெபாரின் கொடுக்கிறார்கள். வைரஸின் மரபுப்பொருளைப் பெருக்கி வைரல் லோட் பார்க்கும் பிசிஆர் முறையின் வேலையை ஹெபாரின் கெடுக்கும். ஹெபாரின் கலந்த ரத்தத்தில் எண் பொய்யாகக் குறைந்து காட்டலாம், சில சமயம் வைரஸே இல்லை என்றுகூட வரலாம். இப்போது இருக்கும் கருவிகளில் இந்தத் தொல்லை பழைய நாட்களைவிடக் குறைவு, ஆனாலும் அதை நம்பி ஹெபாரின் ஏறிய குழாயிலிருந்து எடுப்பது சரியில்லை. அதனால்தான் கேடிகோ என்ற சர்வதேச சிறுநீரக வழிகாட்டுக் குழு, இந்தப் பரிசோதனைக்கான ரத்தத்தை டயாலிசிஸ் தொடங்கும் முன் எடுக்க வேண்டும் என்று சொல்கிறது. நடைமுறையில், ஃபிஸ்டுலாவில், அதாவது டயாலிசிஸுக்காகக் கையில் இணைத்து வைத்த ரத்தக்குழாயில், ஊசி போட்டவுடன், ஹெபாரின் கொடுப்பதற்கு முன், ஊதா மூடி போட்ட ஈடிடிஏ ட்யூபில் எடுத்து, சில மணி நேரத்துக்குள் லேபுக்குப் போய்ச் சேர வேண்டும். டெக்னீஷியனிடம் இதைப் பணிவாக, ஆனால் கட்டாயமாகக் கேளுங்கள். ஜூன் மாத ரிப்போர்ட்டை நான் கணக்கிலேயே எடுக்கமாட்டேன்.

சரி, இரண்டு தடவையும் முறையாக முன்னாலேயே எடுத்து, அப்போதும் இதே எண்கள் வந்திருந்தால்? அப்போதும் என் பதில் மாறாது. வைரல் லோடை நாங்கள் லாக் அளவில் படிக்கிறோம், அதாவது பத்தின் மடங்குகளில். 8,60,000 என்பது சுமார் 5.9. 2,40,000 என்பது சுமார் 5.4. வித்தியாசம் அரை லாக். ஒரே ரத்தத்தை இரண்டு முறை ஓட்டினாலோ இரண்டு லேபுக்கு அனுப்பினாலோ வரக்கூடிய ஏற்ற இறக்கமே கிட்டத்தட்ட அவ்வளவு. ஆறு லட்சம் குறைந்துவிட்டது என்று சாதாரண எண்ணாகப் படிக்கும்போது பெரிதாகத் தெரிகிறது, பரிசோதனையின் கண்ணுக்கு அது சின்ன அசைவு. மேலும், டயாலிசிஸ் நோயாளிகளின் வைரல் லோட் மற்ற நோயாளிகளுடையதைவிடச் சராசரியாகக் கொஞ்சம் குறைவாகவும், மாதத்துக்கு மாதம் மேலும் கீழுமாகவும் இருக்கும். ஒரு முறை கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கி, அடுத்த முறை லட்சங்களில் வந்த நோயாளிகளும் உண்டு. ஆகவே ஒரே ஒரு நெகட்டிவ் ரிப்போர்ட் வந்தாலும், சிகிச்சை எடுக்காதவருக்கு அதைத் திரும்ப எடுத்துப் பார்க்காமல் நம்பக் கூடாது.

தானாகப் போகுமா என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். புதிதாகத் தொற்றியவர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு முதல் ஆறு மாதத்துக்குள் மருந்தில்லாமலே வைரஸ் மறைந்துவிடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆறு மாதம் தாண்டிவிட்டால் அது மிக அரிது. ஜனவரியில் ஆன்டிபாடி, அதாவது வைரஸுக்கு எதிராக உடல் உருவாக்கும் புரதம், பாசிட்டிவ் என்றால் தொற்றியது அதற்கும் முன்னால், ஜூனிலும் வைரஸ் இருக்கிறது. அந்த வாய்ப்பு கிட்டத்தட்ட முடிந்துபோனது. மருந்து கடுமையாக இருந்த காலத்தில் ஆறு மாதம் காத்திருந்து பார்ப்பது நியாயமாக இருந்தது, இன்று அந்த நியாயம் இல்லை.

வைரல் லோட் அதிகம் என்றால் கல்லீரல் அதிகம் கெட்டிருக்கிறது, குறைவு என்றால் பாதிப்பும் குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. 50 லட்சம் எண்ணோடு கல்லீரல் நன்றாக இருப்பவரும் உண்டு, 40,000 எண்ணோடு சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் நிலை, வந்தவரும் உண்டு. பழைய இன்டர்ஃபெரான் ஊசிக் காலத்தில், எண் கூடுதலாக இருந்தால் சிகிச்சை பலிக்கும் வாய்ப்புக் குறைவு என்பதால் அதற்கு ஒரு மதிப்பு இருந்தது. இப்போதைய பன்னிரண்டு வார மாத்திரைகளில் அதுவும் போய்விட்டது. இன்றைக்கு வைரல் லோட் ரிப்போர்ட்டில் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: இருக்கிறதா, இல்லையா. ரிப்போர்ட்டைப் படிக்கும்போது ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்கள். பதினைந்துக்குக் கீழே, ஆனால் கண்டறியப்பட்டது என்று இருந்தால் வைரஸ் இருக்கிறது, எண்ண முடியாத அளவுக்குக் குறைவு என்று பொருள். கண்டறியப்படவில்லை என்றால்தான் இல்லை.

இனி எஸ்ஜிபிடி 22. பல குடும்பங்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான் என்பதால் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். டயாலிசிஸில் இருப்பவர்களின் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டுமே மற்றவர்களைவிடக் குறைவாகத்தான் இருக்கும். இந்த நொதிகள் வேலை செய்யப் பி6 வைட்டமின் வேண்டும், டயாலிசிஸ் நோயாளிகளுக்கு அது குறைவு என்பது ஒரு காரணம். உடலில் தேங்கும் நீர் ரத்தத்தை நீர்த்துப்போக வைப்பது இன்னொன்று. லேப் அச்சிடும் 40 என்ற எல்லை சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கானது. உங்கள் அப்பா 22 என்று காட்டுவது வேறொருவர் 40 தாண்டிக் காட்டுவதற்குச் சமமாக இருக்கலாம். அவருடைய பழைய ரிப்போர்ட்டுகளைத் தேடி எடுங்கள். டயாலிசிஸ் ஆரம்பித்த முதல் வருடம் எஸ்ஜிபிடி 9, 11 என்று இருந்து இப்போது 22 ஆகியிருந்தால் அது இரட்டிப்பு, அது ஒரு சமிக்ஞை. மாதாமாதம் எஸ்ஜிபிடி பார்க்கச் சொல்வதே அவரவர் பழைய எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தான். அப்படியும், எஸ்ஜிபிடி அசையாமலே ஹெபடைடிஸ் சி இருப்பவர்கள் டயாலிசிஸ் யூனிட்டில் ஏராளம்.

கல்லீரலின் உண்மை நிலை தெரிய வேறு பரிசோதனைகள் வேண்டும். தட்டணுக்களின் எண்ணிக்கை, ஆல்புமின், வயிற்று ஸ்கேன், முடிந்தால் கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன். எஸ்ஜிஓடியையும் தட்டணுக்களையும் வைத்துக் கணக்கிடும் ஆப்ரி போன்ற மதிப்பெண்கள், நான் மேலே சொன்ன அதே காரணத்தால், டயாலிசிஸ் நோயாளிகளுக்குப் பாதிப்பைக் குறைத்துக் காட்டலாம். ஃபைப்ரோஸ்கேன் எடுப்பதாக இருந்தால் டயாலிசிஸ் முடிந்து, நீர் இறங்கிய பிறகு எடுங்கள். உடலில் நீர் தேங்கியிருக்கும்போது கல்லீரலும் வீங்கி விறைப்பாக இருக்கும், எண் பொய்யாக ஏறிவிடும். ஆக, வைரல் லோடுக்கு டயாலிசிஸுக்கு முன், ஃபைப்ரோஸ்கேனுக்கு டயாலிசிஸுக்குப் பின். சிரோசிஸ் இருப்பது தெரிந்தால் சிகிச்சைக்குப் பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் தொடர வேண்டும், அதனால் இதை ஆரம்பத்திலேயே தெரிந்துகொள்வது அவசியம்.

அந்த மாத்திரை ஆபத்து என்று சொன்னவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, ஏனென்றால் அந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. வைரஸ் 1989-ல் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குப் பிறகு இருபது ஆண்டுகளுக்கும் மேல் எங்களிடம் இருந்தவை இன்டர்ஃபெரான் ஊசியும் ரிபாவிரின் மாத்திரையும். ரிபாவிரின் சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து, சிவப்பணுக்களை உடைக்கும். ஏற்கெனவே ஹீமோகுளோபின் 9-க்கு, ரத்தம் ஊற வைக்கும் எரித்ரோபாய்ட்டின் ஊசி போட்டுக்கொண்டிருப்பவருக்கு அதைக் கொடுப்பது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள். இன்டர்ஃபெரானில் காய்ச்சல், எடை இழப்பு, மனச்சோர்வு. பாதியில் நிறுத்தியவர்கள் பலர். 2013 டிசம்பரில் சோஃபோஸ்புவிர் என்ற புதிய மாத்திரை வந்தபோதும், அதன் கழிவுப்பொருள் சிறுநீரகம் வழியாகப் போவதால், சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் இஜிஎஃப்ஆர் எண் 30-க்குக் கீழே இருப்பவர்களுக்கு வேண்டாம் என்றுதான் முதலில் சொல்லியிருந்தார்கள். உங்களுக்கு யாரோ சொன்னது அந்தக் காலத்து அறிவுரை. அன்றைக்கு அது சரியான அறிவுரைதான்.

அதற்குப் பிறகு நிலைமை மாறிவிட்டது. சிறுநீரகம் வழியாகப் போகாத மருந்துகள் முதலில் வந்தன. கிரேசோபிரவிர், எல்பாஸ்விர் கூட்டு மருந்தை 2015-ல் கடும் சிறுநீரக நோயாளிகளிடம் சோதித்தார்கள். கிளெக்காபிரவிர், பிப்ரென்டாஸ்விர் கூட்டு மருந்தை 104 பேரிடம் சோதித்து 2017-ல் வெளியிட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் டயாலிசிஸில் இருந்தவர்கள், 98 சதவீதம் பேருக்கு வைரஸ் ஒழிந்தது. நம் நாட்டில் அதிகம் கிடைப்பது சோஃபோஸ்புவிர் சேர்ந்த கூட்டு மருந்துகள் என்பதால் நமக்கு முக்கியமானது அடுத்தது. டயாலிசிஸில் இருந்த 59 பேருக்குச் சோஃபோஸ்புவிர், வெல்பட்டாஸ்விர் பன்னிரண்டு வாரம் கொடுத்ததில் 95 சதவீதம் பேர் குணமானார்கள், மருந்தால் பெரிய தீங்கு எதுவும் தெரியவில்லை. 2019 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு டயாலிசிஸ் நோயாளிகளுக்கும் அதை முழு அளவில் கொடுக்கலாம் என்று திருத்தியது. கேடிகோவும் 2022-ல் அதையே சேர்த்துக்கொண்டது. அந்தக் கழிவுப்பொருள் டயாலிசிஸ் நோயாளிகளின் ரத்தத்தில் பல மடங்கு கூடுவது உண்மைதான். அது தீங்கு செய்கிறது என்பதற்கு இதுவரை ஆதாரம் கிடைக்கவில்லை. மாத்திரையைப் பாதியாக உடைத்தோ ஒருநாள் விட்டு ஒருநாளோ கொடுக்கும் பழக்கம் முன்பு இருந்தது, இப்போது அதற்கு அவசியம் இல்லை. டயாலிசிஸ் நாளில் மாத்திரையை டயாலிசிஸ் முடிந்தபின் போடச் சொல்வது என் வழக்கம். அது விதி அல்ல, ஆனால் அதில் நஷ்டம் எதுவும் இல்லை.

மாத்திரையின் ஆபத்து எங்கே இருக்கிறது என்றால் கூடச் சாப்பிடும் மற்ற மாத்திரைகளில். அப்பா இதயத் துடிப்புக்காக அமியோடரோன் சாப்பிடுகிறாரா என்று பாருங்கள், சோஃபோஸ்புவிருடன் சேர்ந்தால் நாடித்துடிப்பு அபாயகரமாகக் குறையக்கூடும். வலிப்புக்கான ஃபெனிட்டாயின், கார்பமாஸெபின், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் ஆகியவை இந்த மருந்தின் அளவை ரத்தத்தில் குறைத்து, சிகிச்சையைத் தோற்கடிக்கும். வெல்பட்டாஸ்விர் எடுப்பதானால் தினமும் காலையில் வெறும் வயிற்றில் போடும் பான்டப்ரசோல் கூட ஒரு பிரச்சினை, வயிற்று அமிலம் குறைந்தால் மருந்து சரியாக உறிஞ்சப்படாது. நம் டயாலிசிஸ் நோயாளிகளில் அந்த மாத்திரை போடாதவரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும், ஆனாலும் அதை யாரும் மருந்தாகவே எண்ணிச் சொல்வதில்லை. கொழுப்புக்கான ஸ்டாட்டின் அளவையும் சரிபார்க்க வேண்டியிருக்கும். நாட்டு மருந்து, சித்த மருந்து எது இருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். எல்லா மாத்திரைப் பட்டைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போய் மருத்துவர் மேசையில் கொட்டுவதுதான் சிறந்த வழி. அப்புறம், ஹெபடைடிஸ் பி பரிசோதனையும் எடுத்திருக்க வேண்டும். உள்ளே பி வைரஸ் அடங்கிக் கிடந்தால், சி அழியும்போது அது தலைதூக்கும். 2016-ல் இதற்கென்றே எச்சரிக்கை வெளியிட்டார்கள். பி இல்லை என்றால் அதற்கான தடுப்பூசி போட்டாரா என்று பாருங்கள், டயாலிசிஸ் நோயாளிக்கு அது இரட்டை அளவில் போடப்படும்.

செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் கேட்காமலே சிகிச்சையைக் கைவிட்டவர்களை எனக்குத் தெரியும். மத்திய அரசு 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் வைரல் லோட் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். பல அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கான சிகிச்சை மையம் இருக்கிறது. தனியார் யூனிட்டில் டயாலிசிஸ் எடுப்பவரும் அங்கே போகலாம். டயாலிசிஸ் சுருக்கத்தையும் இரண்டு ரிப்போர்ட்டுகளையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

அம்மாவின் சிறுநீரகத்தைப் பொருத்தும் யோசனை இருக்கிறது என்று கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். வைரஸோடு மாற்று அறுவை செய்வது முடியாத காரியம் அல்ல. ஆனால் அறுவைக்குப் பின் எதிர்ப்புச்சக்தியை அடக்கும் மருந்துகள் வைரஸுக்கு வசதியாகிவிடும். சர்க்கரை நோய் புதிதாக வருவதும், பொருத்திய சிறுநீரகம் சீக்கிரம் பழுதாவதும் ஹெபடைடிஸ் சி இருப்பவர்களிடம் கூடுதலாகவே காணப்படுகின்றன. டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகளின் அளவைச் சிகிச்சையின்போது அடிக்கடி சரிசெய்ய வேண்டிவரும். மாற்று அறுவைக்கு இன்னும் பல மாதங்கள் இருந்தால் முதலில் வைரஸை ஒழிப்பதே நேர்வழி. தேதி ரொம்ப நெருங்கிவிட்டது என்றால் அறுவை முடிந்தபின் சிகிச்சை என்றும் முடிவெடுப்பதுண்டு. அது உங்கள் மாற்று அறுவைக் குழு அப்பாவை நேரில் பார்த்துச் சொல்ல வேண்டியது, இங்கிருந்து நான் சொல்லக் கூடாதது.

இனி நீங்கள் கேட்காத, ஆனால் என் மனதை உறுத்தும் ஒன்று. டயாலிசிஸ் தொடங்கும்போது நெகட்டிவாக இருந்தவர் இரண்டு ஆண்டுக்குள் பாசிட்டிவ் ஆகியிருக்கிறார். நடுவில் ரத்தம் ஏற்றினார்களா, பல் பிடுங்கினாரா, வேறு அறுவை நடந்ததா என்று எனக்குத் தெரியாது, அதனால் எங்கிருந்து வந்தது என்று இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் இப்படி ஒருவர் புதிதாகப் பாசிட்டிவ் ஆனால், வேறு காரணம் நிரூபணமாகும்வரை யூனிட்டுக்குள் பரவியிருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு விசாரிப்பதுதான் எங்கள் தொழிலில் சரியான முறை. பரவுவது மெஷினின் உள்ளே இருந்து அல்ல. கையுறை மாற்றாமல் ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குப் போவது, பலருக்கும் ஒரே ஹெபாரின் குப்பியிலிருந்து மருந்து எடுப்பது, ஊசி மருந்துத் தட்டைக் கட்டிலுக்குக் கட்டில் தள்ளிக்கொண்டு போவது, ஒரு ஷிஃப்ட் முடிந்து அடுத்த ஷிஃப்ட் ஏறும் அவசரத்தில் நாற்காலியையும் மெஷினின் முகப்பையும் துடைக்காமல் விடுவது, இவைதான் வழிகள். உலர்ந்த ரத்தத்துளியில் இந்த வைரஸ் அறை வெப்பத்தில் ஆறு வாரம்வரை தொற்றும் திறனோடு இருக்க முடியும் என்று சோதனைக்கூடத்தில் காட்டியிருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத துளி போதும். இங்கே வைரல் லோட் 8 லட்சமா 2 லட்சமா என்பது முக்கியமே இல்லை, இந்த எண்ணுக்குக் கீழே பரவாது என்று ஒரு பாதுகாப்பான எல்லை கிடையாது.

எனவே யூனிட்டின் பொறுப்பு மருத்துவரிடம் பேசுங்கள். சண்டை போடச் சொல்லவில்லை. அப்பாவோடு அதே ஷிஃப்டில் இருக்கும் மற்றவர்களுக்கும் பரிசோதனை எடுத்தார்களா என்று கேளுங்கள். ஆன்டிபாடி மட்டும் பார்த்தால் போதாது, புதிதாகத் தொற்றியவருக்கு ஆன்டிபாடி தோன்ற இரண்டு மூன்று மாதம் ஆகலாம், டயாலிசிஸ் நோயாளிக்கு இன்னும் தாமதமாகலாம். வைரஸ் பரிசோதனையில் ஒன்றிரண்டு வாரத்திலேயே தெரிந்துவிடும். அப்பா பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் ஒரு குடும்பம் இருக்கிறது, அவருக்கு இது இன்னும் தெரியாமலே இருக்கலாம். பல நாடுகளின் டயாலிசிஸ் யூனிட்டுகளைத் தொடர்ந்து கவனித்த டாப்ஸ் ஆய்வில் 2012 முதல் 2015 வரை ஏறத்தாழ நூற்றுக்குப் பத்துப் பேருக்கு இந்தத் தொற்று இருந்தது. முந்தைய காலத்தைவிட அது குறைவு, குறைந்ததற்குப் பரிசோதனையும் கைச்சுத்தமும் பெரிய காரணங்கள்.

அப்பாவுக்குத் தனி மெஷின் கொடுத்து ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். ஹெபடைடிஸ் பி-க்குத் தனி மெஷின், தனி அறை கட்டாயம் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. சி-க்கு அப்படி இல்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமும் கேடிகோவும் அதைக் கேட்பதில்லை, கைச்சுத்தத்தைத்தான் கேட்கின்றன. நம் ஊரில் பல யூனிட்டுகள் தனி மெஷின் வைப்பதற்கு ஆள் பற்றாக்குறை ஒரு நடைமுறைக் காரணம், அதை நான் தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் தனி மெஷின் இருக்கிறதே என்று கையுறையை மறந்தால் பலன் இல்லை. வீட்டில் ஒதுக்குவதற்கு எந்தக் காரணமும் இல்லை. தட்டு, டம்ளர், துண்டு, ஒன்றாகச் சாப்பிடுவது, பேரப்பிள்ளையைக் கொஞ்சுவது எதிலும் பரவாது. சவரக் கத்தி, பல் துலக்கும் பிரஷ், சர்க்கரை பார்க்கும் ஊசி ஆகியவை மட்டும் தனியாக இருக்கட்டும். அம்மா ஒருமுறை பரிசோதனை எடுத்துக்கொள்ளட்டும், தானம் கொடுப்பவர் என்பதால் அது எப்படியும் தேவைப்படும்.

சிகிச்சை தொடங்கிய பிறகு வாராவாரம் வைரல் லோட் பார்த்துக் காசை வீணாக்காதீர்கள். மாத்திரை முடிந்து பன்னிரண்டு வாரம் கழித்து, டயாலிசிஸுக்கு முன் எடுத்த ரத்தத்தில் வைரஸ் இல்லை என்றால் குணமாகிவிட்டது என்றுதான் பொருள். ஆன்டிபாடி ரிப்போர்ட் அதற்குப் பிறகும் பெரும்பாலும் பாசிட்டிவாகவே இருக்கும். வேறு ஊரில், வேறு யூனிட்டில் டயாலிசிஸ் எடுக்க நேர்ந்தால் அதைப் பார்த்துத் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள், அதனால் அந்த வைரல் லோட் ரிப்போர்ட்டின் நகலைக் கையிலேயே வைத்திருங்கள். இந்த நோய் ஒருமுறை வந்துபோனால் எதிர்ப்புச்சக்தி தங்காது, மறுபடியும் தொற்றலாம். ஆகவே டயாலிசிஸ் தொடரும்வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவருக்கு ஆன்டிபாடிக்குப் பதிலாக வைரஸ் பரிசோதனையே எடுக்க வேண்டும் என்று யூனிட்டில் அவருடைய ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.